பூ: இல்லை

ஏற்காடு மலைச்சாலை, பதினான்காம் கொண்டை ஊசி வளைவு.
ஓடை சாலைக்கு அடியில் குழாய்க்குள் நுழைகிற இடத்தில்
நிற்கிறது இருநூற்றுப் பதினேழு.
காலையில் அதற்கு எண் இல்லை.
சாலையை அகலப்படுத்த எண் வேண்டியிருக்கிறது.

நான் நாடாவைச் சுற்றி அளவு சொல்கிறேன்.
சடையப்பன் வெள்ளை பெயின்ட் அடிக்கிறான்.
அடிமரத்திலேயே கொத்துக் கொத்தாய்க் காய்த்திருப்பதால்
எழுத இடமில்லை. ஒன்றை
இரண்டு கொத்துகளுக்கு நடுவே நெருக்கி நிறுத்தினான்.
ஏழின் கால் ஒரு பழத்தின் மேல் ஏறிவிட்டது.
"பழத்துக்கும் சேர்த்து நம்பர் போட்டாச்சு மேடம்."

படிவத்தில் கட்டங்கள்.
இனம்: அத்தி.
சுற்றளவு: மூன்று மீட்டர் பத்து.
காய்: உண்டு.
பூ:
அண்ணாந்து பார்த்தேன். இல்லை என்று எழுதினேன்.
அடிவாரத்திலிருந்து எல்லா அத்திக்கும் அப்படித்தான்.
அத்தி பூத்தாற்போல என்று
ஊரே சொல்கிறது, எனக்கென்ன.

மதியம் புளிச்சோறு.
தொட்டுக்கொள்ள ஒன்றும் இல்லை என்று
சிவந்துவந்த ஒரு பழத்தைப் பிட்டேன்.

உள்ளே பூ.
சுவர் முழுக்க, வெயிலே படாமல்,
தையற்காரர் கத்தரிக்காமல் விட்ட நூல்முனைகள் போல
நடுவைப் பார்த்துத் தலைகவிழ்ந்து.
அவற்றின் இடையிலிருந்து
பாதி எள் அளவில் ஒரு குளவி,
பிறகு என் உள்ளங்கை பூராவும்.

"புழு" என்று துப்ப வாயெடுத்த சடையப்பன்
துப்பாமல் நின்றான்.
மார்பில் மஞ்சள் தூள் அப்பிக்கொண்டு
ஒவ்வொன்றாய் எழும்பிப் போயின.
மரத்திலும் பழங்களில் துளை விழுந்திருந்தது.
துளைவாசலில் முசுறு எறும்பு
சுங்கச்சாவடி போட்டிருந்தது.
எறும்புக்குத் தப்பிய ஒன்று
காயாத ஏழில் போய் இறங்கியது.

அவன் புல்நுனியால் நெம்பி எடுத்தான்.
உடம்பு வந்தது. இறகு வரவில்லை.

அன்றிரவு அஸ்தம்பட்டி லாட்ஜில்
சார்ஜ் குறைந்த போனில் படித்தேன்:
துளை போட்டவை ஆண்கள்.
இறகும் கிடையாது, கண்ணென்று சொல்ல ஒன்றும் கிடையாது.
சுரங்கம் வெளிச்சத்தைத் தொட்டதும் வேலை முடிந்து
அங்கேயே கிடந்துவிடுகிறார்கள்.
பெண் பறந்துபோய் வேறொரு மரத்தில்
பிஞ்சின் மூக்கில், செதில்மேல் செதிலாய்ப் பூட்டிய வாசலில்,
தலையைக் கொடுத்து நுழையும்.
இறகு வெளியே கழன்றுவிடும். கொம்பு முறியும்.
திரும்பி வருவது கிடையாது.
இருட்டில் பூப்பூவாய்த் தடவித் தூள் வைத்து
சிலவற்றில் முட்டையும் வைத்து

இந்த இடத்தில் தாய் என்று எழுதக் கை வருகிறது.
தியாகம், புகுந்த வீடு, எல்லாம் வரிசையில் நிற்கின்றன.
எழுத மாட்டேன்.
ஒன்றரை மில்லிமீட்டர் உடம்பில்
நம்முடைய சாமான்களை ஏற்றக்கூடாது.

மறுநாள் ஆறாம் வளைவில் வண்டியை நிறுத்தச் சொன்னேன்.
அறுபத்து நான்கு.
பச்சைப் பிஞ்சு, கல்லாய், நேற்று நான் கவனிக்காதது.
ஒரு பிஞ்சின் மூக்கில்
தூசு போல ஏதோ ஒட்டியிருந்தது.
மேலே பழுத்தால் கீழே பிஞ்சு,
அதற்கு உயிர் ஒரு பகல் அல்லது இரண்டு.
நமக்குத்தான் இருபது வளைவு,
காற்று நேராக இறங்குகிறது.

படிவத்தில் "இல்லை"யை அடித்துவிட்டு எழுதினேன்:
உள்ளே.
அறுபத்து நான்குக்கு. இருநூற்றுப் பதினேழுக்கு.
நடுவில் பதினொன்றுக்கு.

உதவிப் பொறியாளர் பொன்னுரங்கம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.
"என்னம்மா இது, உள்ளேன் ஐயாவா?
மரத்துக்கு அட்டெண்டன்ஸ் எடுக்கறீங்களா?"
"ஆமா சார்."
சிரித்தார். கையெழுத்துப் போட்டார்,
கட்டத்தைத் தாண்டி, நீளமாக.

அங்கே ஏழு
இந்நேரம் காய்ந்திருக்கும்,
நாலு இறகோடு.